கண்ணி அகற்றிய கை

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 15ஆம் நாள், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கிலே ஒரு காட்சியைக் காணலாம், தோழர்களே! பானைகள் பொங்கும், கரும்பு நிற்கும், மஞ்சள் மணக்கும். அந்தப் பொங்கல் கதிரவனுக்கு மட்டுமன்று. கடல் கடந்து வந்து, கடமை முடித்துச் சென்று, 1911ஆம் ஆண்டிலே கண்மூடிய ஒரு வெள்ளைக்காரருக்கும் அதில் பங்குண்டு! பெயர் ஜான் பென்னிகுயிக். 1841ஆம் ஆண்டு அதே சனவரி 15இல் பிறந்தவர். படைப் பொறியாளர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, எங்கள் வயல்களிலே தவழவிட்டவர். 1895இல் அணை திறந்தது. அன்று முதல் எங்கள் அடுப்பும் எரிகிறது. லோயர் கேம்ப்பிலே அவருக்கு மணிமண்டபம் உண்டு, 2013இல் திறந்தார்கள். அவர் படம் தொங்கும் வீடுகள் உண்டு, அவர் பெயர் தாங்கும் பிள்ளைகளும் உண்டு.

"நன்றி மறவாதவர்கள் நாங்கள்!" என்று மார்தட்டிக் கொள்கிறோம். தட்டலாம், தவறில்லை. ஆனால், தட்டும்போதெல்லாம் என் மார்பிலே ஒரு முள் நெருடுகிறது. அந்த முள்ளை எடுத்துக் காட்டவே இன்று எழுதுகிறேன்.

அணையைப் பென்னிகுயிக் ஒருவரே கட்டினாரா? இல்லை. சென்னைப் பயோனியர் படையின் முதலாம், நான்காம் பிரிவினர் அங்கே உழைத்தனர். கூலியாட்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தனர். காட்டுக் காய்ச்சலும் கொள்ளை நோயும் கொண்டுபோன உயிர்கள் 483 என்று கணக்குச் சொல்கிறார்கள். அவர்கள் புதைந்த இடம் அணைக்கு வடக்கே இருக்கிறது. திட்டம் தீட்டியவருக்கு மண்டபம். தீய்ந்து போனவர்களுக்கு ஓர் எண்! நம் நன்றி மேலே பார்த்துக் கும்பிடத் தெரிந்த நன்றி. கீழே குனிந்து பார்க்கத் தெரியாத நன்றி. என் இளமையில், என் வீட்டு வாசலிலேயே, இதை நான் கற்றேன்.

எங்கள் ஊர் அனுமந்தன்பட்டி. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் சாலையிலே, வலமும் இடமும் வயலும் தோப்பும் சூழ, தொலைவிலே மலைத்தொடர் நீலமாய் நிற்க, இருக்கும் ஊர். எங்கள் வீடு திண்ணை வைத்த வீடு. அந்தத் திண்ணையிலே என் பாட்டனார் அமர்ந்திருப்பார். பக்கத்திலே நான் இருப்பேன். கீழே தெருவிலே, வெயிலிலே, ஒருவர் நிற்பார்.

ஊரார் அவரைப் 'பட்டாளத்தான்' என்றார்கள். 1940இல் படையில் சேர்ந்து, 1946இல் திரும்பியவர். ஊருக்கு வெளியே, அன்று சேரி என்று அழைக்கப்பட்ட பகுதியிலே குடியிருந்தார். எட்டு வயதுச் சிறுவன் நான். முப்பத்தேழு வயது ஆண்மகன் அவர். "ஏ, பட்டாளம்! இங்கே வா!" என்பேன் நான். "வந்தேன், சின்னய்யா!" என்பார் அவர். நான் 'ஏ' என்றதும், அவர் 'ஐயா' என்றதும் எனக்கு உறுத்தவில்லை. காற்றடித்தால் மரம் அசைவதுபோல் அது இயல்பு என்றே எண்ணியிருந்தேன். இந்த இயல்புக்கு எதிராகத்தான் 1950இல் அரசியல் சட்டத்திலே 17ஆம் பிரிவு எழுதினார்கள், 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் போட்டார்கள். சட்டம் டில்லியிலே இருந்தது. எங்கள் தெருவிலே திண்ணைதான் இருந்தது.

போர்க்கதை கேட்க எனக்குக் கொள்ளை ஆசை. "எத்தனை பேரைச் சுட்டே?" என்று கேட்பேன். அவர் சிரிப்பார். "நான் சுட்டதைவிடத் தோண்டினதுதான் அதிகம், சின்னய்யா. நாங்க சாப்பர். சுடுறவன் பின்னாலே வருவான்; அவனுக்குத் தடம் போட்டுக் கொடுக்கிறவன் நாங்க" என்பார்.

சென்னை சாப்பர் படை 1780ஆம் ஆண்டிலே தொடங்கிய பழம்படை, பெங்களூரிலே தலைமையகம். பாலம் கட்டுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது அவர்கள் வேலை. பகைவன் மண்ணுக்குள்ளே வெடியைப் புதைத்துவிட்டுப் போயிருப்பான். காதிலே கருவி மாட்டி, ஒருவர் தரையைத் தடவிக்கொண்டே முன்னே போவார். ஐயம் எழுந்த இடத்திலே மண்டியிட்டு, துப்பாக்கிமுனைக் கத்தியால், உறங்கும் குழந்தையைத் தொடுவதுபோல் மண்ணைத் தொட்டுப் பார்ப்பார்கள். அகற்றிய தடத்தின் இருமருங்கிலும் வெள்ளை நாடா கட்டுவார்கள். நாடாவுக்குள் நடந்தால் உயிர். நாடாவைத் தாண்டினால் சாவு! பின்னால் வரும் படையும், அதற்குப் பின்னால் ஊர் திரும்பும் கிழவியும் குழந்தையும், அந்த வெள்ளை நாடாவை நம்பியே கால் வைப்பார்கள்.

இந்தக் கதையை வாய்பிளந்து கேட்டேனே தவிர, சொன்னவரின் கால் சுடுகிறதே, நிழலிலே நிற்கச் சொல்வோமே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

ஆண்டுகள் உருண்டன. 1967. எனக்கு வயது பதினெட்டு. ஏடுகள் படித்தேன், மேடைகள் கேட்டேன், பகுத்தறிவு பேசினேன். ஏகாதிபத்தியம் என்றால் பல்லைக் கடிப்பேன். அந்த வேகத்திலே ஒரு மாலை, அதே திண்ணையிலே அமர்ந்து, அதே தெருவிலே நின்றவரைப் பார்த்துக் கேட்டேன்: "நீங்கள் வெள்ளைக்காரனுக்குக் கூலிக்குப் போனவர்தானே! அடிமை நாட்டிலே பிறந்து, ஆண்டவனின் கொடியைத் தூக்கிக்கொண்டு, அடுத்தவன் நாட்டிலே போய் என்ன சாதித்தீர்கள்?"

'நீ' போய் 'நீங்கள்' வந்திருந்தது என் நாவிலே. அதைத்தான் புரட்சி என்று நினைத்துக்கொண்டேன்!

அவர் கோபிக்கவில்லை. காதிலே செருகியிருந்த பீடியை எடுத்தார். பற்றவைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். மெல்லச் சொன்னார்:

"நெசந்தான், சின்னய்யா. கூலிக்குத்தான் போனேன். இங்கே ஒழுங்காக் கூலி கொடுத்திருந்தாப் போயிருக்க மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்லுறேன். இத்தாலியிலே ஒரு மலையூரு. செருமன்காரன் போகும்போது வீட்டு வாசப்படியிலே, கிணத்தடியிலே, எல்லா இடத்திலேயும் வெடி வச்சுட்டுப் போயிட்டான். மூணு நாளாத் தோண்டினோம். மூணாம் நாளு ஒரு கெழவி வந்தா. நாங்க கட்டின நாடாவுக்குள்ளேயே நடந்து, அவ வீட்டுக்குப் போனா. போனவ திரும்பி வந்து, கோப்பையிலே தண்ணி கொண்டாந்து கொடுத்தா. நான் குடிச்சேன். மிச்சத்தை அவ குடிச்சா. அதே கோப்பையிலே, சின்னய்யா! இந்த ஊரிலே எனக்குச் சிரட்டையிலே ஊத்துறாங்க. என்ன சாதிச்சேன்னு கேட்டீங்களே, அந்தக் கெழவி அவ வீட்டுக்குப் போனா. அதைத்தான் சாதிச்சேன்."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு அவரே சொன்னார்: "பெங்களூரிலே சாப்பர்களை எல்லாரும் 'தம்பி'ன்னுதான் கூப்பிடுவாங்க. வெள்ளைக்காரக் கேப்டனும் 'தம்பி'ம்பான். ஊருக்கு வந்த பிறகு என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூலின்னு சொல்றதுக்கு முன்னாடி, இந்தத் திண்ணையிலே உட்காருன்னு ஒரு தரம் சொல்லியிருக்கலாம், சின்னய்யா."

தோழர்களே! பகுத்தறிவு படித்த என் தலை அன்றுதான் முதன்முதலாகக் கவிழ்ந்தது. ஊரெல்லாம் நடக்க வெள்ளை நாடா கட்டிய கை அது. அந்தக் கைக்கு உரியவர் நடக்க, அவர் பிறந்த ஊரிலே பாதை இல்லை. அயலான் வாசலிலே புதைந்திருந்த வெடியை அவர் அகற்றினார். அவர் வாசலிலே புதைந்திருந்த வெடியை நாங்கள் காவல் காத்தோம்!

"உட்காருங்கள், பெரியப்பா" என்றேன். தலையசைத்து மறுத்தார். "இப்ப வேணாம். ஒங்க தாத்தா என்னை ஒண்ணும் செய்ய மாட்டாரு. எங்க ஆளுகளை நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டாரு" என்றார். அஞ்சியவரின் சொல்லல்ல அது. எங்கே கண்ணி புதைந்திருக்கிறது என்று அறிந்தவரின் சொல்.

மறுநாள் நானே அவர் குடிசைக்குச் சென்றேன். போரிலிருந்து கொண்டுவந்த எனாமல் குவளை ஒன்று அவரிடம் இருந்தது. விளிம்பிலே கறுப்புத் திட்டுகள். அதிலே தண்ணீர் கேட்டேன். தயங்கினார், தந்தார். குடித்தேன். மிச்சத்தை அவர் குடித்தார். இல்லம் திரும்பியபோது கதவு எனக்கு அடைபட்டிருந்தது. தலை முழுகித் தீட்டுக் கழித்தால்தான் உள்ளே என்றார் பாட்டனார். கழிக்க எனக்கொன்றும் இல்லை என்றேன். பதினோரு இரவுகள் அந்தத் திண்ணையிலேயே படுத்தேன். பன்னிரண்டாம் நாள் பாட்டி கதவைத் திறந்தாள், பாட்டனார் பேசவில்லை. அன்று மாலை வழியிலே என்னைக் கண்ட பட்டாளத்தார் (ஆம், அன்றுமுதல் எனக்கு அவர் 'பட்டாளத்தார்') நின்றார். "சாப்பிட்டீங்களா, தம்பி?" என்றார்.

தம்பி! இதைவிடப் பெரிய பட்டத்தை இந்த எழுபது சொச்சம் ஆண்டு வாழ்விலே நான் பெற்றதில்லை.

அவர் பேச்சிலே அடிபட்ட ஊர்ப் பெயர்களை, பின்னாளில் நூல்களிலே தேடிப் படித்தேன். எரித்திரியாவிலே கெரன் என்றோர் இடம். மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய். முசோலினியின் படை பாறைகளைச் சரித்துப் பாதையை அடைத்திருந்தது. 1941 மார்ச்சிலே, குண்டு மழைக்கிடையே, சாப்பர்கள் அந்த அடைப்பை அகற்றினர்; மார்ச் 27இல் கெரன் வீழ்ந்தது. ஐந்து வாரம் கழித்து, மே 5ஆம் நாள், எத்தியோப்பிய மன்னர் ஹெய்லி செலாசி தம் தலைநகர் அடிஸ் அபாபாவுக்குள் திரும்ப நுழைந்தார். 1936இல் அதே மே 5இல்தான் இத்தாலியப் படை அந்நகரைக் கைப்பற்றியிருந்தது. நச்சுப்புகை வீசி ஒரு கறுப்பின நாட்டை அடிமைப்படுத்தினான் முசோலினி. அந்த நாடு மீண்டும் தலைநிமிர வழிவெட்டியவர்களிலே, தாமே அடிமைகளாயிருந்த நம்மவர்களும் இருந்தார்கள்!

இத்தாலிக்குச் சென்ற இந்தியப் படையினர் ஏறத்தாழ 50,000 பேர். அவர்களிலே 5,700க்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. போர் முழுவதிலும் இந்தியப் படையிலே சேர்ந்தவர்கள் 25 லட்சம். மாண்டவர்கள் 87,000 பேர்.

அவர்களிலே ஒருவரின் பெயரை மட்டும் சொல்கிறேன், மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சுபேதார் சுப்பிரமணியன். சென்னை சாப்பர். காஞ்சிபுரத்தை அடுத்த ஒரு சிற்றூர்க்காரர். 1944 பிப்ரவரி 24ஆம் நாள், இத்தாலியிலே மிஞ்ஞானோ என்னுமிடத்திலே கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். உடன்வந்த வீரர் ஒருவரின் கால் பட்டு, ஒரு கண்ணி உயிர்பெற்றது. அந்த வகைக் கண்ணி மேலெழும்பி வெடித்துச் சுற்றியிருப்போரைச் சிதைக்கும். இடையிலே சில நொடிகள்தாம். அந்தச் சில நொடியிலே ஓடியிருக்கலாம், ஒதுங்கியிருக்கலாம். அவர் அதன்மேல் விழுந்தார்! தம் உடலையே மூடியாக்கினார், மற்றவர் பிழைத்தனர். ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்பதக்கம் அவர் மறைவுக்குப் பின் அளிக்கப்பட்டது. அதனை நேரடியாகப் பெற்ற முதல் இந்தியர் அவர். தமிழ்நாட்டிலே எத்தனை பாடநூல் இந்தப் பெயரைச் சொன்னது? எத்தனை தெருவுக்கு இந்தப் பெயர் உண்டு?

இங்கே அறிவார்ந்த இளைஞர்கள் மூன்று கேள்வி எழுப்புவர். எழுப்ப வேண்டும், நானும் எழுப்பியவன்தான்.

"அது ஏகாதிபத்தியத்தின் போரல்லவா?" ஆம், நம்மைப் பொறுத்தவரை அப்படித்தான் தொடங்கியது. 1939 செப்டம்பரிலே, நம் மக்கள் ஒருவரையும் கேளாமலே, இந்தியாவைப் போரிலே இறக்கினார் அரசப் பிரதிநிதி. 1943இல் வங்கத்திலே பஞ்சம், லட்சக்கணக்கானோர் மடிந்தனர். இந்தக் குற்றத்தை மன்னிக்கச் சொல்லவில்லை நான். ஆனால், ஆணையிட்டவன் செய்த குற்றத்தை, ஆணையை ஏற்றவனின் கல்லறைமேல் எழுதலாமா? போரைத் தொடங்கியவன் வேறு. கண்ணியை அகற்றியவன் வேறு. ஹிட்லரும் முசோலினியும் வென்றிருந்தால், இனத்தின் பெயரால் மனிதரைத் தரம் பிரிக்கும் கொடுமை உலகச் சட்டமாகியிருக்கும். பிறப்பால் தரம் பிரிப்பது என்னவென்று நமக்குத் தெரியாதா?

"கூலிக்குப் போனவர்களுக்கு நன்றி எதற்கு?" உழவன் கூலிக்குத்தான் நாற்று நடுகிறான்; சோறு உண்கையில் அவனை நினைப்பதில்லையா? ஊதியம், அவன் கொடுத்த உழைப்புக்கு விலை. கண்ணியின்மேல் விழுந்த அந்த நொடிக்கு எந்தக் கருவூலம் விலை வைக்கும்?

"வீரவணக்கம் என்று தொடங்கி வழிபாட்டிலே முடியுமே?" இதுதான் நல்ல கேள்வி. விடை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிலே, 2006இல், தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டவை. ஒன்றிலே ஆகோள் பூசலில் இறந்தவனின் பெயர் இருக்கிறது. அங்கே கடவுள் இல்லை, கதை இல்லை, கற்பூரம் இல்லை. ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு செயல், அவ்வளவுதான்! இறந்தவனைத் தெய்வமாக்கினால், அவன் பட்ட பாட்டை மறந்துவிடுவோம். படையல் போட்டுக் கடனைத் தீர்த்துவிடுவோம். மனிதனாகவே நினைத்தால், கடன் நம் தலையிலே இருக்கும். செய்ந்நன்றியறிதலுக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். அது கும்பிடு போடும் முறையைக் கற்பிக்க அல்ல.

ஈராயிரம் ஆண்டுக்கு முன் பெயரைப் பொறிக்கத் தெரிந்த தமிழ்நாட்டிலே, நூறாண்டுக்கு முன் வெள்ளை அரசு சிற்றூர் பலவற்றிலே கல் பதித்தது. 1914 முதல் 1919 வரை நடந்த பெரும்போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர் என்று அந்தக் கற்கள் சொல்லும். எண் இருக்கும், பெயர் இராது! அணைக்கட்டிலே கண்ட அதே எண்! உயிரை எண்ணிக்கையாக்குவது ஆள்பவன் வழக்கம். எண்ணிக்கையைப் பெயராக்குவதே நன்றியுள்ளவன் கடமை.

விடுவிக்கப்பட்டவர்கள் மறந்துவிட்டார்களா என்றால், எல்லாரும் மறக்கவில்லை. இத்தாலியிலே மொந்தோனே என்று ஒரு மலையூர். அதன் பக்கத்திலே 1944 சூலை 10ஆம் நாள், யஷ்வந்த் காட்கே என்னும் மராட்டிய இளைஞர் போரிட்டு மாண்டார், வயது இருபத்திரண்டு. 2023 சூலையிலே, அவர் பெயரால் அவ்வூரார் நிழற்கடிகாரம் ஒன்றை நிறுவினார்கள். எல்லாரும் வாழ்வது ஒரே கதிரவனுக்குக் கீழே என்னும் கருத்து அதற்கு முழக்கமாயிற்று. எழுபத்தொன்பது ஆண்டு கழித்தும் அவர்கள் நினைத்தார்கள். பொங்கல் நாளிலே கதிரவனைப் பார்க்கும் நாம், அந்த ஒரே கதிரவனுக்குக் கீழே, நம் தெருவிலே வெயிலில் நின்றவரை நினைத்தோமா?

பட்டாளத்தார் 1991இல் மறைந்தார். எனாமல் குவளையை அவர் மகள் எனக்குத் தந்தாள். அதை நான் பூசையில் வைக்கவில்லை. அதிலே தினமும் தண்ணீர் குடிக்கிறேன். வீட்டுக்கு எவர் வந்தாலும் அதிலேயே கொடுக்கிறேன்.

இளைஞர்களே! உங்களிடம் இரண்டே வேண்டுகோள். ஊர்தோறும் சென்று, படைக்குப் போனவர்களின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். மேலத்தெருவிலே மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். அவர்கள் பிள்ளைகளும் பேரர்களும் இருக்கிறார்கள்; பெட்டியடியிலே பதக்கமும் கடிதமும் உறங்குகின்றன. எண்களைப் பெயர்களாக்குங்கள். இது முதலாவது.

இரண்டாவது இதனினும் கடினம். பிறரை விடுவிக்க உயிர் கொடுத்தவனுக்கு மலர்வளையம் போதாது. அவன் விட்ட வேலையைத் தொடர்வதே நன்றி. நம் தெருக்களிலே இன்னும் வெடிகள் புதைந்து கிடக்கின்றன. தனிக்குவளை என்றும் தனிச்சுடுகாடு என்றும், பெயரைக் கேட்டதும் "எந்தத் தெரு?" என்று தொடரும் கேள்வியென்றும் அவை பல வடிவம் கொள்ளும். மண்டியிட்டு, மண்ணைத் தொட்டு, பொறுமையோடு ஒவ்வொன்றாய் எடுக்க வேண்டும். எடுத்த தடத்திலே வெள்ளை நாடா கட்டுங்கள். பின்னால் வருபவர்கள் அச்சமின்றி நடக்கட்டும்!

எங்கள் வீட்டுத் திண்ணை இன்றும் இருக்கிறது. பட்டாளத்தாரின் பேரன் ஊருக்கு வரும்போதெல்லாம் அதிலே அமர்ந்துதான் பேசுவான். நான் அவனைத் 'தம்பி' என்கிறேன்.